ப்ரீபிஎஸ்டி லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் விஎம் ஓட்ட எது நல்ல வழி?

விஎம் (கணினிக்குள்ளே ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்ட உதவும் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன், ப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்துக்குக் கிடைக்கவில்லை, விர்ச்சுவல்பாக்ஸ் போட்டாலும் சிஸ்டம் அப்டேட் ஆனதும் நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விஎம்வேரை மறந்துவிடுங்கள். அதற்குள்ளே ப்ரீபிஎஸ்டியை ஓட்டலாம், ப்ரீபிஎஸ்டி மேல் அதை ஓட்ட முடியாது.

விர்ச்சுவல்பாக்ஸ் நிற்பதற்குக் காரணம் அதன் கெர்னல் மாட்யூல், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேர்ந்து ஓடும் துணைப் பகுதி. அது எந்தக் கெர்னலுக்காகக் கம்பைல் ஆனதோ அதோடுதான் ஒத்துப்போகும், நீங்கள் ப்ரீபிஎஸ்டி 14.1-இலிருந்து 14.2-க்குப் போய்விட்டு பழைய மாட்யூலையே ஏற்றினால் தகராறுதான். போர்ட்ஸ் எனும் ப்ரீபிஎஸ்டியின் மென்பொருள் மூலத் தொகுப்பிலிருந்து நீங்களே கம்பைல் செய்தால் சரியாகும், ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும்.

என் பதில் பீஹைவ் (bhyve), ப்ரீபிஎஸ்டியின் சொந்த விஎம் மென்பொருள். 2014-இல் வந்த 10.0 பதிப்பிலிருந்தே அது ப்ரீபிஎஸ்டியின் அடிப்படை சிஸ்டத்தில் இருக்கிறது, கெர்னலோடு சேர்ந்தே அப்டேட் ஆகிறது, அதனால் உங்களுக்கு வந்த பிரச்சினை இதில் வரவே வழியில்லை. எனக்கு அது ஒன்றே போதுமான காரணம். முதலில் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் சிபியு என்றால் இபிடி (விஎம்மின் நினைவகத்தைச் சிபியுவே கையாள்வது) வசதி வேண்டும், லினக்ஸோ விண்டோஸோ ஓட்ட அன்ரெஸ்ட்ரிக்டட் கெஸ்ட் என்ற சிபியு வசதியும் வேண்டும் (கெஸ்ட் என்றால் விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்). ரொம்பப் பழைய லேப்டாப்பாக இல்லாவிட்டால் இரண்டுமே இருக்கும்.

பீஹைவை நேரடியாக ஓட்டினால் கமாண்ட் ஒரு முழம் நீளத்துக்குப் போகும், அதனால் விஎம்-பீஹைவ் என்ற பாக்கேஜைப் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே விஎம்மை பூட் செய்யும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் பாக்கேஜும் வேண்டும். விஎம் உருவாக்குவது, ஐஎஸ்ஓ எனும் டிஸ்க் இமேஜ் கோப்பிலிருந்து இன்ஸ்டால் செய்வது, நிறுத்துவது எல்லாமே அப்புறம் ஒரு வரி வேலை. கெஸ்ட்டின் திரையை விஎன்சி வியூவர் என்ற தொலைத்திரை மென்பொருளில்தான் பார்க்க வேண்டும், விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி தனி ஜன்னல் எதிர்பார்க்காதீர்கள். டிஸ்க்கை இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் வைத்தால், விஎம்மை அணைத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து வைத்துக்கொண்டு தைரியமாக எதையும் சோதித்துப் பார்க்கலாம், கெட்டுப்போனால் நொடியில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் என்றால் விர்ட்ஐஓ (விஎம்களுக்கான மெய்நிகர் சாதன வகை) டிரைவர் ஐஎஸ்ஓவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், விர்ட்ஐஓ நெட்வொர்க் கார்டை விண்டோஸுக்கு அது இல்லாமல் அடையாளம் தெரியாது.

லேப்டாப் என்று சொன்னதால் வைஃபையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழிகாட்டிகளில் பெரும்பாலும் கேபிள் இணைப்பை வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். பிரிட்ஜ் (நெட்வொர்க் இணைப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் மெய்நிகர் ஸ்விட்ச்) போட்டு அதில் நெட்வொர்க் கார்டைச் சேர் என்பார்கள். வைஃபையில் அது வேலை செய்யாது, அக்சஸ் பாயின்ட் தன்னிடம் பதிவான மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வரும் பாக்கெட்டை மட்டும்தான் ஏற்கும், விஎம்முக்கோ தனி மேக் முகவரி இருக்கிறது. எனவே பிரிட்ஜுக்குத் தனியாக ஓர் ஐபி கொடுத்து, பிஎஃப் ஃபயர்வாலில் விஎம்மின் பாக்கெட்டுகளை லேப்டாப்பின் முகவரியிலேயே வெளியே அனுப்பும் நாட் விதி ஒன்று எழுதி, பாக்கெட் ஃபார்வர்டிங்கை ஆன் செய்யுங்கள். கெஸ்ட்டுக்கு ஐபி தானாகக் கிடைக்க டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருள் போதும். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு பீஹைவே சரியில்லை என்று விட்டுப் போனவர்கள் உண்டு, அது நியாயமே இல்லை, கோளாறு பீஹைவில் இல்லை.

ஒரே ஒரு விஷயத்துக்கு விர்ச்சுவல்பாக்ஸ் இன்னும் தேவைப்படலாம். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் மாதிரி ஒரு யூஎஸ்பி சாதனத்தை மட்டும் கெஸ்ட்டுக்குக் கொடுக்க பீஹைவில் நேர்வழி கிடையாது, பிசிஐ பாஸ்த்ரூ (ஹார்டுவேரை நேராகக் கெஸ்ட்டிடம் ஒப்படைப்பது) வழியாக யூஎஸ்பி கன்ட்ரோலரையே முழுசாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அந்தத் தேவை இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸை போர்ட்ஸிலிருந்து கம்பைல் செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டின் மாட்யூலையும் ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள், சிபியுவின் அதே வசதிக்கு இரண்டும் போட்டி போடும்.