பெரிய சாதனைகள் எதுவும் இல்லாமல், குடும்பத்துக்காகவே வாழ்ந்து மறைந்த தாத்தாவின் வாழ்க்கையை எப்படி எழுதி வைப்பது?

அண்மையில் தாத்தாவை இழந்த நீங்கள், வீட்டையும் பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் தவிர வேறு உலகம் அவருக்கு இல்லை என்றும், அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் நகரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவின் அப்பா மறைந்த பிறகு நானும் இதே வேலையை எடுத்துச் செய்தேன். அந்த அனுபவத்திலிருந்தும், மனித நினைவைப் பற்றி ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றில் எனக்கு உண்மையாகவே உதவியவற்றிலிருந்தும் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உங்கள் எழுத்து ஒரு பக்கத்தோடு நின்றுவிடுவதற்கு அவருடைய வாழ்க்கை சிறியது என்பது காரணமன்று. நம் நினைவு இயங்கும் விதமே காரணம். ஒரே ஒரு முறை நடந்ததை மனம் தனி நிகழ்ச்சியாக வைத்துக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான முறை நடந்தவற்றையோ ஒன்றோடொன்று கலந்து, ‘வழக்கமாக இப்படித்தான் நடக்கும்’ என்ற ஒரே வரியாகச் சுருக்கிவிடுகிறது. திரும்பத் திரும்ப நடப்பவை இவ்வாறு ஒரு பொது வரிசையாக மனத்தில் படிவதை ஷாங்க், ஏபெல்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1977-இல் விரிவாக விளக்கினார்கள். குடும்பத்துக்காக வாழ்ந்த ஒருவரின் நாள்கள் பெரும்பாலும் இப்படித் திரும்பத் திரும்பச் செய்த செயல்களால் ஆனவை. ஒரு நாள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது யாராலும் முடியும். ஆண்டுக்கணக்காக ஒரு நாளும் தவறாமல், மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் வந்து நிற்பதுதான் அர்ப்பணிப்பு. ஆனால் அந்த ஒழுங்கே அவரை நம் நினைவில் மங்கச் செய்கிறது. பொறுப்பற்ற ஒருவர் வீடு திரும்பாத இரவுகள் குடும்பத்தாருக்குத் தனித்தனியாக நினைவிருக்கும். பொறுப்பானவர் கதவுகளைச் சரிபார்த்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த இரவுகளில் ஒன்றுகூட நினைவில் தனியாக நிற்காது. நினைவு செய்கிற அநியாயங்களில் இது ஒன்று.

எனவே நிகழ்ச்சிகளைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அவர் திரும்பத் திரும்பச் செய்தவற்றை எழுதுங்கள் என்பதே என் பதிலின் சாரம். ‘அன்பானவர்’, ‘எளிமையானவர்’, ‘கடின உழைப்பாளி’ போன்ற சொற்களை முதல் வரைவில் அறவே விலக்கிவிடுங்கள். அவை பொய்யல்ல, ஆயினும் எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தும். நான் வைத்துக்கொண்ட சோதனை எளியது: இந்த வரியை அடுத்த வீட்டுத் தாத்தாவின் பெயருக்குக் கீழே எழுதினாலும் யாரும் வேறுபாடு காணமாட்டார்கள் என்றால் அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ‘தாத்தா பாட்டியை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டார்’ என்று முதலில் எழுதியிருந்தேன். பிறகு அந்த அக்கறை நாள்தோறும் எந்த நேரத்தில், எந்தச் செயலாக வெளிப்பட்டது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பாட்டியின் கண்பார்வை குறைந்த பிறகு, இரவில் ஒவ்வொரு மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரிப்பதற்கு முன்பு அதன் பெயரையும் காலாவதித் தேதியையும் தாத்தா வாய்விட்டுப் படிப்பார். அதன் பிறகுதான் அதைப் பாட்டியின் உள்ளங்கையில் வைப்பார். அவர் யாருக்காகப் படிக்கிறார் என்று சிறுவயதில் எனக்கு விளங்கியதில்லை. தமக்கே உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். எழுதும் பொருட்டுப் பாட்டியிடம் கேட்டபோது, “கையில் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் விழுங்குகிறவளாக நான் ஆகிவிடக் கூடாது என்பார், என் உடம்புக்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமாம்” என்றார். அக்கறை என்ற சொல்லை நான் நீக்கிவிட்டேன். அந்த இரவு வழக்கத்தை எழுதியபின் அது அங்கே தேவைப்படவில்லை.

இதே முறையில் அவருடைய ஒரு நாளை விடியற்காலையிலிருந்து படுக்கும் நேரம் வரை எழுதிப் பாருங்கள். முதலில் எந்த அறைக்குப் போவார், வெளியே கிளம்பும்போது யாரிடம் சொல்லிக்கொள்வார், திரும்பி வந்ததும் கையில் இருந்ததை எங்கே வைப்பார், பேரக்குழந்தையோடு நடக்கும்போது சாலையின் எந்தப் பக்கத்தைத் தமக்கு எடுத்துக்கொள்வார், காய்ச்சல் கண்ட வீட்டில் எங்கே உட்கார்ந்திருப்பார் என்பனவெல்லாம் உங்களுக்குத் தெரியும். யாரும் கேட்காததால் அவற்றைத் தெரிந்தவையாக நீங்கள் எண்ணியதில்லை.

அடுத்தது, நான் பலரிடம் கண்ட ஒரு பெரிய இடைவெளி. முதியவர்களிடம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலத்தை மற்றக் காலங்களைவிட மிகுதியாக நினைவுகூர்கிறார்கள் என்பது நினைவு ஆய்வில் பலமுறை உறுதிப்பட்ட ஒன்று. உங்கள் தாத்தா உங்களுக்குச் சொன்ன கதைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை அவருடைய பள்ளிப் பருவமும் முதல் வேலையும் திருமணமுமாக இருக்கும். மறுபுறம், பேரப்பிள்ளைகளான நமக்கு மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை; நாம் அவரை அறியத் தொடங்கும்போதே அவர் முதுமையை நெருங்கியிருப்பார். ஆக, அவர் சொன்ன இளமைக்கும் நாம் கண்ட முதுமைக்கும் நடுவே இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் யாராலும் சொல்லப்படாமல் கிடக்கின்றன. அவர் குடும்பத்தைத் தாங்கிய ஆண்டுகள் அவைதாம் என்பதை நினைக்கும்போது, அவரைக் குடும்பத்துக்காக வாழ்ந்தவர் என்று புகழும் நமக்கு அந்த வாழ்வின் நடுப்பகுதியே தெரியாது என்பது சற்று வெட்கத்துக்குரியது.

அந்த நடுப்பகுதியைச் சொல்லக்கூடியவர்கள் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் உடன் வேலை செய்தவர்களுமே. நான் அம்மாவிடம் கேட்டபோது எனக்குக் கிடைத்த மனிதர் வேறொருவராக இருந்தார். என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அறைக்கு அறை ஓடிய தாத்தா, அம்மாவின் சிறுவயதில் அதிகம் பேசாத, வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொள்கிற அப்பாவாக இருந்திருக்கிறார். பகல் வேலை முடிந்தபின் இரவில் வேறோர் இடத்தில் கணக்கெழுதும் வேலையும் அவருக்கு இருந்தது. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே குறைவு. “உனக்குக் கிடைத்த தாத்தா எனக்குக் கிடைத்த அப்பா இல்லை” என்று அம்மா சொன்னதில் குறை இருந்தது, அதைவிடப் பெருமை இருந்தது, சிறிது பொறாமையும் இருந்தது என்று நினைக்கிறேன். பேரக்குழந்தையிடம் பொங்கிய அன்பில் ஒரு பகுதி, பிள்ளைகளிடம் காட்ட நேரமில்லாமல் சேர்ந்துபோனதாக இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. ஆனால் இந்த இரு மனிதரையும் அருகருகே வைத்து எழுதியபின்தான் என் எழுத்து புகழுரை என்ற நிலையிலிருந்து வாழ்க்கை வரலாறு என்ற நிலைக்கு நகர்ந்தது.

உறவினர்களிடம் கேட்கும்போது எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துக் கேட்க வேண்டாம். சேர்ந்து அமர்ந்து நினைவுகூரும் குழு, அதே ஆள்கள் தனித்தனியே நினைவுகூர்ந்து சொல்வதைத் தொகுத்தால் கிடைப்பதைவிடக் குறைவாகவே நினைவுகூர்கிறது என்பதை வெல்டன், பெல்லிஞ்சர் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒருவர் சொல்லத் தொடங்கும் வரிசை மற்றவருடைய நினைவின் வரிசையைக் குலைத்துவிடுவது அதற்கு ஒரு காரணம். குடும்பத்தில் இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது: மூத்தவர் ஒருவர் சொன்ன பிறகு இளையவர்கள் தங்கள் வடிவத்தை விழுங்கிவிடுவார்கள். எனவே முதலில் தனித்தனியாகக் கேட்டு, பிறகு ஒன்றாகக் கூடினால் விட்டுப்போனவை வெளிவரும், சிரிப்பும் சண்டையும் சேர்ந்தே வரும். தாத்தா ஒரு பதவி உயர்வை ஏன் மறுத்தார் என்பதற்கு மாமா ஒரு காரணமும் சித்தி முற்றிலும் வேறொரு காரணமும் சொன்னார்கள். எது சரி என்று தீர்க்க நான் முயலவில்லை; இரண்டையும் அவரவர் சொன்னதாகவே எழுதினேன். நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் பார்ட்லெட் 1932-இலேயே காட்டியிருக்கிறார். அப்படிக் கட்டும்போது ஒவ்வொருவரும் தமக்கு முக்கியமானதைக் கொண்டே கட்டுகிறார்கள்.

‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்ற கேள்விக்குப் புகழுரைதான் விடையாக வரும். ‘பணம் போதாத மாதத்தில் அவர் எதை முதலில் நிறுத்துவார்?’, ‘கோபம் வந்தால் பேசுவாரா, எழுந்து போய்விடுவாரா?’, ‘அவர் யாரிடம் உதவி கேட்டிருக்கிறார்?’ என்று கேளுங்கள். ஒரு புகைப்படத்தையோ அவர் பயன்படுத்திய பொருளையோ கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது இன்னும் நல்லது. காகிதங்களையும் தேடுங்கள். என் தாத்தாவின் பழைய கணக்கு நோட்டுகளை நெடுநாள் யாரும் திறந்து பார்க்கவில்லை. அவற்றைப் புரட்டியபோது, பிள்ளைகளின் படிப்புச் செலவு கூடிய மாதங்களில் அவருடைய நாளிதழ்ச் செலவு நின்றுபோயிருப்பதும், மூக்குக்கண்ணாடி மாற்றுவது என்று எழுதப்பட்ட ஒரு வரி மாதத்துக்கு மாதம் தள்ளிப்போய்க்கொண்டே இருப்பதும் தெரிந்தன. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

குறைகளை எழுதலாமா என்று தயங்குவீர்கள். எழுதலாம் என்பதே என் கருத்து. எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் ஆகியோர், குடும்ப வரலாறு தெரியுமா என்று சோதிக்கும் 20 கேள்விகளை வைத்துச் செய்த ஆய்வில், அதை அதிகம் அறிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருக்கக் கண்டார்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆயினும் குடும்பம் ஏறியதை மட்டுமன்றி, இறங்கியதையும் மீண்டு வந்ததையும் சொல்லும் கதைகளே பிள்ளைகளுக்கு வலுவூட்டுவதாக டியூக் கருதினார் என்பது குறிப்பிடத்தக்கது. என் தாத்தா பிடிவாதக்காரர்; தம்பியோடு பல ஆண்டுகள் பேசாமல் இருந்தவர். அதை விட்டுவிட்டு எழுதினால், பின்னாளில் அந்தத் தம்பியின் பேத்தியைத் தம் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைத்ததன் எடை வாசிப்பவருக்குத் தெரியாது.

பாட்டியோ தாத்தாவின் உடன்பிறந்தவரோ உயிரோடு இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்; மற்ற எல்லாம் காத்திருக்கலாம். நேரில் கண்டவரிடமிருந்து கேட்டவர் என்ற வாய்வழிச் சங்கிலி ஏறத்தாழ மூன்று தலைமுறைகள், அதாவது 80 முதல் 100 ஆண்டுகள் வரைதான் நீடிக்கிறது என்று ஜெர்மானிய அறிஞர் யான் அஸ்மான் எழுதினார். முதியவர்கள் பழங்கதை பேசுவதை மனம் தளர்வதன் அறிகுறியாகக் கருதிய காலம் உண்டு. அது வாழ்க்கையைத் திரும்பப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயல்பான செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் வாதிட்டார். ஆகவே கேட்டால் பாட்டிக்கு வலிக்குமோ என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு முறை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். விருப்பமில்லை என்றால் அவரே சொல்வார். இறந்தவரையே நினைத்துக்கொண்டிருக்காதே என்று உங்களிடமும் யாராவது சொல்லக்கூடும். மறைந்தவரோடு உள்ள பற்றை விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்ற கருத்து ஃபிராய்டின் 1917-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. 1996-க்குப் பிறகு, அந்த உறவை வேறொரு வடிவில் தொடர்வதும் நலமான துக்கமே என்ற பார்வை ஆய்வாளர்களிடையே வலுப்பெற்றிருக்கிறது.

பேட்டிகளைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்தால் போதும். பதிவை உடனே வேறு இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பங்களில் உள்ள பசை படங்களைக் கெடுக்கும் என்பதால் அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சிலே ஏற்றது.

எழுதி முடித்ததும், அதில் வரும் உயிரோடிருப்பவர்கள் அனைவரிடமும் அவரவர் பகுதியைக் காட்டுங்கள். குடும்பத்துக்காக வாழ்ந்தவரின் கதையில் மற்றவர்களுடைய கடன்களும் தோல்விகளும் நோய்களும் தவிர்க்க முடியாமல் வந்துவிடும், அவற்றை வெளியிடும் உரிமை நமக்கு இல்லை. என் கையெழுத்துப் படியைப் படித்த உறவினர் ஒருவர், தம் கடனைப் பற்றிய இரண்டு பக்கங்களை நீக்கச் சொன்னார். நீக்கினேன். அவர் சம்மதித்த ஒரே ஒரு வரி மட்டும் அங்கே நின்றது: குடும்பத்தில் ஒருவருக்கு நேர்ந்த கடனை அடைப்பதற்காகத் தாத்தா ஓய்வு பெற்ற பிறகும் வேலைக்குப் போனார்.