வலி இல்லாத வெண்படலம்

கேள்வி: என் தாயாருக்கு 62 வயது. பல ஆண்டுகளாக வெற்றிலை பாக்கு போடுகிறார், புகையிலை சேர்ப்பதில்லை. சில மாதங்களாக அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் ஒன்று தெரிகிறது. வலி இல்லை என்று சொல்லி மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். உமிழ்நீரிலேயே புற்றுநோயைக் கண்டறியலாமாமே, அந்தச் சோதனை போதுமா?
– வாசகி, தென்காசி

பதில்: போதாது. உமிழ்நீரில் உள்ள புரதங்களையும் மரபணுத் துணுக்குகளையும் கொண்டு நோயை அறியும் ஆய்வுகள் நடந்துவருகின்றன என்றாலும், கண்ணுக்குத் தெரியும் ஒரு படலத்தின் தன்மையை உறுதிசெய்ய, அதிலிருந்து சிறிதளவு சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனைக்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை. கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கக்கூடும். அந்தப் பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போடும் மாதங்கள்தாம் உண்மையில் ஆபத்தானவை.

புகையிலை இல்லை என்பதும் ஆறுதல் அல்ல. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. பாக்கே காரணி என்றும் கூறியது. வலி இல்லாததை வைத்தும் எதையும் முடிவுசெய்ய முடியாது, ஏனெனில் தொடக்க நிலையில் இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

கண்ணால் பார்ப்பதன் பயனை உங்களுக்கு அருகிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் தொடங்கிய ஆய்வில், 13 ஊராட்சிகளைச் சேர்ந்த, 35 வயதைக் கடந்தவர்கள் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினரின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துவந்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, வாய்ப்புற்றுநோயால் நேரும் இறப்பு அந்தப் பிரிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்ததை 2005இல் வெளியான முடிவுகள் காட்டின. மொத்த மக்களையும் சேர்த்துப் பார்த்தபோது அவ்வளவு திட்டவட்டமான பயன் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பழக்கம் உள்ளவர்களைத் தேடிப் பார்ப்பதே பலன் தருகிறது.

ஆகவே தாயாரை இந்த வாரமே பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். வெண்படலங்கள் எல்லாமே புற்றாக மாறுவதில்லை. ஆனால் படலத்தில் சிவப்புத் திட்டுக் கலந்திருந்தாலோ, தொட்டால் தடிப்பாக இருந்தாலோ, வாய் முன்போல அகலத் திறக்காவிட்டாலோ மருத்துவரிடம் அதை மறக்காமல் கூறுங்கள். பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்தாலும், பாக்கை விட்டுவிட்டு, மருத்துவர் குறிக்கும் நாள்களில் மறுபடி காட்டிவர வேண்டும்.