சான்றிதழ் வாங்காதீர்கள், செப்டிக் டேங்கைப் பாருங்கள்

கேள்வி: கொடைக்கானலில் 18 அறைகள் கொண்ட ரிசார்ட் நடத்துகிறேன். எங்களுக்கு விருந்தினர்களை அனுப்பும் ஜெர்மன் டூர் கம்பெனி, ‘மனித உரிமை அபாய மதிப்பீடு’ என்று நீளமான கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறது. அவர்களிடமிருந்து பில் பணமே 90 நாள் கழித்துத்தான் வரும். இதில், 60,000 ரூபாய் கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஜெர்மனியில் 2023 ஜனவரியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 முதல் அங்கே ஆயிரம் ஊழியர்கள் உள்ள கம்பெனிக்கும் அது பொருந்தும். தனக்குச் சேவை தருகிற இடங்களில் தொழிலாளிகளின் நிலை என்ன என்று பார்ப்பது அந்தக் கம்பெனியின் கடமை. சுவரில் மாட்டும் சான்றிதழால் அது தீராது. சான்றிதழ் வாங்கித் தருகிறவர்கள் விற்கும் ஃபைல்களை நிறையப் பார்த்துவிட்டேன். பக்கத்து ஹோட்டல் பெயரை அழித்து உங்கள் பெயரைப் போட்டிருப்பார்கள். ஒன்றில் அழிக்கவும் மறந்திருந்தார்கள்.

சம்பளப் பதிவேட்டில் இருப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அதில் இல்லாதவர்களைப் பாருங்கள்: படுக்கை விரிப்பு துவைக்கிறவர், சீசனுக்கு ஏஜென்ட் அனுப்பும் ஆட்கள், டேங்க் சுத்தம் செய்ய வருகிறவர்.

ஏஜென்ட்டைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் கூட்டிவந்த ஆட்களிடமே இரண்டு விஷயம் கேளுங்கள். ஆதார் அட்டை யார் கையில் இருக்கிறது? ஊரில் வாங்கிய அட்வான்ஸ் கழியும் முன்பு வேலையை விட்டுப் போக முடியுமா? முடியாது என்றால் அது கொத்தடிமைத்தனம். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை. ‘ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டேன் சார்’ என்பதும் செல்லாது. அவர் சம்பளம் தராவிட்டால் நீங்கள்தான் தர வேண்டும்.

அப்புறம் செப்டிக் டேங்க். லாரி வந்து உறிஞ்சும், அடியில் இறுகிய சேறு மட்டும் வராது. ‘கொஞ்சம் இறங்கிப் பாருப்பா’ என்பார் மேனேஜர். ஆள் சாவது அங்கேதான். 2013ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்த வேலை இது. இப்படிச் சாகிறவர்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் டேங்குக்குள் ஆள் இறங்குகிறாரா என்ற கேள்வி நான் பார்த்த எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை.

14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது. ஒரு விலக்கு உண்டு, அதை எல்லோரும் தப்பாகவே பிடித்துக்கொள்கிறார்கள். குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், அத்தை, மாமா, சித்தி, சித்தப்பா வரை. உங்கள் மகள் ரிசப்ஷனில் சாவி எடுத்துக் கொடுக்கலாம். சமையல்காரரின் மகன் உங்கள் கிச்சனில் பாத்திரம் கழுவக்கூடாது. அவன் அப்பா அங்கே வேலை செய்கிறார், சரி. ஆனால் தொழில் அவருடையது இல்லையே! ‘அவனாக வந்து நிற்கிறான்’ என்பீர்கள். அனுப்பிவிடுங்கள்.

கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று டிக் அடிக்காதீர்கள். ‘லாண்டரியில் சம்பள ரசீது இல்லை, மூன்று மாதத்தில் சரிசெய்கிறேன்’ என்று உள்ளதை எழுதுங்கள். கடைசியில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: 90 நாள் கழித்துப் பணம் அனுப்பினால், துவைக்கிறவருக்கு மாதச் சம்பளத்தை எதிலிருந்து கொடுப்பது? தயங்க வேண்டாம். கம்பெனி தன்னுடைய கொள்முதல் முறையையும் சரிபார்க்க வேண்டும் என்று அந்த ஜெர்மன் சட்டத்திலேயே இருக்கிறது.