விளக்கு வைத்த நேரம்

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் ஜோதிடக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் தோழி ஒருத்தி சொன்னாள் என்று, காணொலி வழியாக ஜாதகம் பார்க்கும் ஒருவரிடம் 7,000 ரூபாய் கட்டி ‘ஆன்மாவின் நோக்கம்’ கேட்டேன். எனக்கு ஆத்மகாரகன், அதாவது ஆன்மாவைக் குறிக்கும் கிரகம், சனியாம். தொழிலையும் புகழையும் காட்டும் பத்தாம் வீட்டில் ராகு, வீட்டையும் தாயையும் காட்டும் நான்காம் வீட்டில் கேது. “உங்கள் ஆன்மா புகழுக்காகப் பிறந்தது. வீடு, தாய் எல்லாம் போன பிறவியில் முடிந்த கணக்கு. அதையே பிடித்துக்கொண்டிருப்பதால்தான் தேங்கி நிற்கிறீர்கள்” என்றார்.

அம்மா என்னோடுதான் இருக்கிறார். முழங்கால் வலியால் தனியாகப் படியிறங்க முடியாது. இரவில் அவருக்குத் தைலம் தேய்த்துவிடும்போதெல்லாம், தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறேனோ என்று இப்போது தோன்றுகிறது. நான் பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. ‘விளக்கு வைத்த நேரம்’ என்று அம்மா சொல்வார். அதை 6.30 என்று கொடுத்தேன். ஜாதகத்தில் ஆன்மாவின் நோக்கம் உண்மையிலேயே தெரியுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

தைலம் தேய்க்கிற கைக்கு இப்படி ஒரு சந்தேகத்தைக் கொடுத்தவர் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைக்காமல், ஜோதிடத்தை மதிக்கிறவனாகவே பதில் எழுதுகிறேன்.

என் தாத்தா ஜாதகம் கணித்தவர். அவர் எழுதிய நோட்டுகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். பிள்ளையார் சுழிக்குக் கீழே, ஜாதகம் எழுதுகிறவர்கள் வழக்கமாக எழுதும் அந்தச் சுலோகம்: ‘ஜனனீ ஜன்ம சௌக்யானாம், வர்த்தனீ குல சம்பதாம், பதவீ பூர்வ புண்யானாம், லிக்யதே ஜன்ம பத்ரிகா.’ மூன்றாவது அடியைப் பாருங்கள். முன்பு செய்த புண்ணியங்கள் வந்து சேரும் வழி என்கிறது. கட்டங்களுக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: ‘கேது மகாதசை, கர்ப்பச்செல் நீக்கி இருப்பு 3 வருஷம் 2 மாதம் 11 நாள்.’ கேது தசை மொத்தம் 7 வருஷம். அதில் பாதிக்கு மேல் கருவிலேயே செலவாகிவிட்டது, மிச்சத்தோடு குழந்தை பிறந்திருக்கிறது என்று பொருள். சின்ன வயதில் அந்த வரியைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறக்கும்போதே கையில் பழைய கணக்குப் புத்தகம். அதில் செலவு போக இருப்பு.

பழைய ஜோதிட ஆசிரியர் வராகமிகிரர் தம் ‘லகு ஜாதகம்’ என்ற நூலின் தொடக்கத்திலேயே இந்தச் சாஸ்திரம் எதற்கு என்று சொல்லிவிடுகிறார். வேறு பிறவிகளில் சேர்த்த நல்வினை தீவினைகள் பழுத்து வருவதை, இருட்டில் இருக்கும் பொருளை விளக்கு காட்டுவது போல இது காட்டும் என்கிறார். பழுத்து வருவது பிராரப்தம் மட்டும்தான். சஞ்சிதம் என்கிற பெரிய மூட்டை இன்னும் அவிழ்க்கப்படவில்லை. இன்று உங்கள் கையால் செய்து சேர்ப்பது ஆகாமியம். இந்த இரண்டும் கட்டத்தில் இல்லை.

ஆத்மகாரகன் என்ற சொல் ஜைமினி சூத்திரம் என்ற பழைய ஜோதிட நூலில் வருகிறது. எந்த ராசியில் இருந்தாலும் சரி, அந்த ராசிக்குள் அதிகப் பாகை நடந்திருக்கும் கிரகம் எதுவோ அதுவே ஆத்மகாரகன். ஏழு கிரகங்களைக் கொள்வதா, ராகுவையும் சேர்த்து எட்டா என்பதில் தொடங்கிக் கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த சூத்திரம், கட்டுக்கும் விடுதலைக்கும் அந்தக் கிரகமே அதிகாரி என்கிறது. எந்த முடிச்சில் இந்த உயிர் கட்டுண்டு கிடக்கிறது, எங்கே அவிழும் என்ற கேள்வி அது. ‘இந்த உத்தியோகத்துக்கு வா, அந்த வீட்டை விட்டுப் போ’ என்று சொல்ல அதில் இடமில்லை.

அந்தக் கணிப்பும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று பாருங்கள். கிரகம் நிற்கும் பாகையைக் கணிக்கும்போது கழிக்கிற அளவுக்கு அயனாம்சம் என்று பெயர்; அதில் பல கணக்குகள் உண்டு. லஹிரி அயனாம்சத்துக்கும் ராமன் அயனாம்சத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வித்தியாசம். லஹிரிப்படி ஒரு ஜாதகத்தில் சனி மீனத்தில் 29 பாகையில் இருந்து ஆத்மகாரகன் ஆகியிருந்தால், ராமன் கணக்கில் அதே சனி மேஷத்துக்குள் நுழைந்து அரைப் பாகையில் நிற்பார். வரிசையில் முதலில் இருந்தவர் கடைசிக்குப் போய்விடுவார். குழந்தை அதே குழந்தைதான், ஆத்மகாரகன் வேறு! உங்களிடம் பணம் வாங்கியவர் எந்த அயனாம்சம் என்று சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

பத்தில் ராகுவுக்கு வருகிறேன். ராகு ஒரு ராசியில் ஒன்றரை வருஷம் இருப்பார். அந்த ஒன்றரை வருஷமும், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ராகு பத்தில்தான். அத்தனை பேரின் ஆன்மாவும் புகழுக்காகவா வந்தது?

கேது இருக்கும் வீடு முடிந்த கணக்கு, ராகு இருக்கும் வீடு போய்ச்சேர வேண்டிய இடம் என்ற விதியே நம் பழைய நூல்களின் பேச்சு அல்ல. லண்டன் ஜோதிடர் ஆலன் லியோ பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். 1909-லும் 1911-லும் இந்தியாவுக்கு வந்து போனவர். கர்மம், மறுபிறவி என்ற நம் சொற்களை மேற்கத்திய ஜாதகத்துக்குள் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் ராகு கேதுக்களுக்கு இப்படி ஒரு பொருள் கொடுத்தார்கள். அதுதான் சுற்றி வந்து, வேத ஜோதிடம் என்ற பெயரில் உங்கள் செல்பேசிக்குள் நுழைந்திருக்கிறது. நம் மரபில் கேது ஞானகாரகன், மோட்சகாரகன். நான்காம் வீடோ மோட்ச திரிகோணம் எனப்படும், மோட்சத்தைக் குறிக்கும் மூன்று வீடுகளில் ஒன்று. தாயின் வீட்டில் கேது இருக்கிறார் என்றால் தாயை விட்டுவிடு என்று அர்த்தம் சொல்ல எந்த நூலில் படித்தார்?

சனியை வைத்து நேர் எதிராகவும் பலன் சொல்லலாம். சனி முதுமைக்கும் நாள்பட்ட நோய்க்கும் ஊழியத்துக்கும் காரகன். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்கும் நோயாளிகளுக்கு நடுவே நிற்கிறீர்கள். இரவில் அம்மாவின் முழங்கால். ‘சனி தன் வேலையைத்தான் செய்கிறார்’ என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் நான் அதையும் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு கட்டளையாகி, நாளைக்கு வேலையை மாற்ற நினைத்தால் உங்களைத் தடுக்கும்.

ஜாதகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தசா புக்தி பார்த்து, இது பொறுத்திருக்கும் காலம், இது துணியும் காலம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தாத்தா அதற்குத்தான் பார்த்தார். நோட்டைப் பிரிப்பதற்கு முன்னால் “வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், பெரியவர்களுக்கு உடம்பு எப்படி?” என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் கண்ணாடியை எடுத்து மாட்டுவார்.

கடைசியாக உங்கள் பிறந்த நேரம். ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்சத்தில் லக்னம் ஏறத்தாழ 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். விளக்கு வைத்த நேரம் என்றால் அரை மணி முன்னே பின்னே இருக்கலாம். 6.30 என்பது நீங்கள் வைத்த எண். நீங்கள் பிறந்த நேரத்துக்கு இன்று உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அம்மாதான். அவர் சொன்ன வார்த்தையின் மேல்தான் அந்த ஜோதிடர் பன்னிரண்டு கட்டத்தையும் போட்டார். போட்டுவிட்டு, அவரையே முடிந்த கணக்கு என்றார்.

இன்று இரவு தைலம் தேய்க்கும்போது அந்த மாலையைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள். விளக்கை ஏற்றியது யார், வெளியே இன்னும் வெளிச்சம் இருந்ததா, நீங்கள் உடனே அழுதீர்களா என்று. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்