தங்கவயல் ஊரில் கோச்சுப் பயணமும் குதிரைப் பந்தயமும் எப்படி நடந்தன?

1854-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து பெண்டிகோ தங்கவயல் பாதையில் கோப் அண்ட் கோ நிறுவனத்தின் கோச்சு வண்டி, அதாவது பயணிகளை ஏற்றும் குதிரை வண்டி, ஓடத் தொடங்கியது. அந்த வண்டியின் உயிரே அதன் தோல் பட்டைதான். ஆங்கிலேயக் கோச்சின் எஃகு வில் (ஸ்பிரிங்) அந்தக் கரடுமுரடான பாதையில் உடைந்தால், கொல்லன் கிடைக்கும்வரை வண்டி நகராது. கோப் அண்ட் கோ ஓட்டிய அமெரிக்காவின் கான்கார்ட் வண்டியிலோ, பல அடுக்காகச் சேர்த்த இரண்டு தடித்த தோல் பட்டைகள் முன்னிருந்து பின்னாக ஓடும். பயணிகள் உட்காரும் உடற்கூண்டு முழுவதும் அவற்றின்மேல்தான் தொங்கும். பள்ளத்தில் விழுந்தால் இடிக்காது, தொட்டில்போல முன்னும் பின்னும் ஆடும். அதனால் சிலருக்குக் கப்பலில் போவதுபோலக் குமட்டும். மழையில் நனைந்தால் தோல் நீளும், கூண்டு தாழும். அவ்வப்போது இழுத்து இறுக்க வேண்டும். வேகத்தின் ரகசியம் 16 முதல் 25 கிலோமீட்டருக்கு ஒருமுறை குதிரை மாற்றியது. களைத்த குதிரையை ஓட்டுவதில்லை.

பந்தயத்துக்கு வருவோம். 1861-ல் முதல் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம், தூரம் 2 மைல். ஆர்ச்சர் என்ற குதிரை வென்றது, மறு ஆண்டும் அதுவே. அக்காலத்தில் குதிரைமேல் பணம் கட்டும் முறைகளில் ‘கல்கத்தா ஸ்வீப்’ கவனிக்கத்தக்கது. பெயரே நம் கல்கத்தாவிலிருந்து போனது. முதலில் சீட்டு விற்பார்கள். குலுக்கலில் ஒவ்வொரு குதிரையும் ஒரு சீட்டுக்கு விழும். பிறகு குதிரைகளை ஏலம் விடுவார்கள், ஏலப்பணமும் பரிசுத்தொகையில் சேரும். ஏலம் எடுத்த குதிரை ஓட்டத்துக்கு முன்பே விலகிவிட்டால், போட்ட பணம் பொதுவாகத் திரும்பாது.