மகனின் நுரையீரலில் நிழல்: காசநோய்தானா?

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் கட்டட வேலைகளை மேற்பார்வையிடும் பொறியாளர். சித்திரைத் திருவிழாவுக்காக ஊருக்கு வந்தான். வந்த பத்தாம் நாள் காய்ச்சலும் இருமலும் தொடங்கின. ஐந்து வாரமாகியும் இருமல் விடவில்லை. ஐந்து கிலோ இளைத்துவிட்டான். மூட்டுவலி இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் சிவந்த, வலியுள்ள தடிப்புகள் வந்து மறைந்தன. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது. இரண்டு முறை சளியைப் பார்த்தும் காசநோய்க் கிருமி இல்லை. ஆனாலும் காசநோய் மாத்திரையைத் தொடங்கலாம் என்கிறார்கள். வீட்டில் பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற சொல் ‘ஃபீனிக்ஸ்’. அந்த ஊர் இருக்கும் அரிசோனாவிலும், கலிஃபோர்னியாவின் சில பகுதிகளிலும், மெக்சிகோவிலும் வறண்ட மண்ணுக்குள் காக்ஸிடியாய்டிஸ் என்றொரு பூஞ்சை வாழ்கிறது. மண்ணைத் தோண்டும்போதும் புழுதிக்காற்று அடிக்கும்போதும் அதன் வித்துகள் பறந்து மூச்சோடு உள்ளே போய்விடும். 1 முதல் 3 வாரத்தில் காய்ச்சல் தொடங்கும். இதை ‘வேலி ஃபீவர்’ (பள்ளத்தாக்குக் காய்ச்சல்) என்பார்கள். உங்கள் மகன் புறப்பட்ட நாளும் படுத்த நாளும் இந்தக் கணக்குக்குள் அடங்குகின்றன. மூட்டுவலியும் கால் தடிப்பும் இந்த நோயில் அடிக்கடி சேர்ந்து வருபவை. காசநோயிலும் அந்தத் தடிப்பு வரலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

இது நம் கரிசல் மண்ணில் பிடிக்கும் நோயல்ல. ஆகவே உள்ளூர் மருத்துவருக்குக் காசநோய் முதலில் தோன்றியதில் தவறில்லை. இங்கே தீராத இருமலுக்கு நானும் அதைத்தான் முதலில் தேடுவேன். ஆனால் ஆறு மாத மாத்திரையைத் தொடங்குமுன் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன.

ஒன்று, சளியை நுண்ணோக்கியில் மட்டும் பார்த்திருந்தால் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் செய்யுங்கள். நுண்ணோக்கிக்குத் தப்பும் கிருமி அதில் சிக்கும். அரசு மருத்துவமனையில் இலவசம். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நம் நாட்டில் நோயில்லாத பலருக்கும் அது தடிக்கும்.

இரண்டு, இந்தப் பூஞ்சைக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் தேட வேண்டும். எல்லா ஆய்வகத்திலும் இதைச் செய்வதில்லை. நெஞ்சக நோய் நிபுணர் வெளியூருக்கு அனுப்ப நேரலாம். எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் முறை ‘இல்லை’ என்று வந்தாலும் சந்தேகம் நீடித்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

சளியையோ நுரையீரல் திசுவையோ வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்தால், அவர் அரிசோனாவிலிருந்து வந்தவர் என்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இதை வற்புறுத்திக் கேட்கிறேன். மண்ணில் இந்தப் பூஞ்சை இழையாக வளர்ந்து வித்துகளாக உடையும். நுரையீரலுக்குள் போனதும் உருண்டைப் பையாக மாறிவிடும். அந்த உருவில் காற்றில் பரவாது. ஆய்வகத் தட்டில் வளர்த்தால் மறுபடி இழையாகிவிடும். விவரம் தெரியாமல் மூடியைத் திறக்கும் ஊழியருக்கு அது தொற்றிவிடும்.

பேரக்குழந்தைகளைப் பற்றிய உங்கள் கவலைக்கும் விடை இதிலேயே இருக்கிறது. இந்தப் பூஞ்சைதான் என்றால் இருமலால் அவர்களுக்குத் தொற்றாது. காசநோய் இல்லை என்று உறுதியாகும்வரை மட்டும் மகன் முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான தனி அறையில் படுக்கட்டும்.

இந்தப் பூஞ்சை நோய்தான் என்று உறுதியானாலும் பயப்பட வேண்டாம். திடமான உடம்புள்ள பலருக்கு மருந்தில்லாமலே ஆறிவிடும். உங்கள் மகனைப் போல இவ்வளவு இளைத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையைச் சில மாதங்கள் கொடுப்போம். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு கூடியிருக்கிறது, ஒவ்வாமைதான் என்று யாராவது ஸ்டீராய்டு கொடுத்தால் வாங்காதீர்கள். பூஞ்சை உடலெங்கும் பரவ அது வழிவிடும். விடாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்லுங்கள். மூளை உறைக்குப் பரவியிருக்கிறதா என்று தண்டுவட நீரைப் பார்க்க வேண்டியிருக்கும்.