சீட்டாட்ட அறைக்கு மட்டும் விலக்குத் தரலாமா?

கேள்வி: எங்கள் மன்றக் கட்டடத்துக்குள் புகைபிடிக்கத் தடை போட்டோம். பலருக்கு நிம்மதி. மூத்த உறுப்பினர்கள் சிலர் மட்டும் சந்தாவை நிறுத்திவிடுவோம் என்கிறார்கள். சீட்டாட்ட அறைக்கு விலக்குக் கொடுத்து, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதாதா? – ஒரு மன்றச் செயலாளர்

பதில்: போதாது. முதலில் உங்கள் ஊர்ச் சட்டம் அப்படியொரு விலக்கை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்தாலும் தராமலிருப்பது நல்லது. தடையால் வரும் முணுமுணுப்பு பழகப் பழக அடங்கும். 'அவர்களுக்கு மட்டும் ஏன்?' என்ற கேள்வி அடங்காது.

ஸ்பெயினில் 2006-இல் வந்த சட்டம், 100 சதுர மீட்டருக்குக் குறைந்த மதுக்கூடங்களும் உணவகங்களும் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றது. பெரும்பாலானவை புகையைத் தொடர்ந்து அனுமதித்தன. பெரிய இடங்கள் புகைபிடிப்பவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கச் செலவழித்துத் தடுப்புச் சுவர் கட்டின. 2011 ஜனவரியில் முழுத்தடை வந்ததும் அந்தச் செலவெல்லாம் வீண். கட்டியவர்களுக்கு வந்த கோபம் நியாயமானதுதான். ஜெர்மனியில் தடை வந்தபோது, புகைபிடிக்கத் தனி அறை ஒதுக்க இடமிருந்தவர்கள் தப்பினார்கள், ஒற்றை அறை மதுக்கூடங்கள் மாட்டிக்கொண்டன. இது சமமில்லை என்று 2008-இல் அரசியல் சாசன நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாளை உங்கள் பில்லியர்ட்ஸ்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

இனி ஃபேன். பக்கத்துக் கூடத்தில் அதைவிட வலுவாக இழுக்கும் ஃபேன் இருந்தால் புகை அங்கேதான் போகும். ஸ்பிளிட் ஏ.சி. அறைக் காற்றையே சுற்றவிடும். ஏர் ப்யூரிஃபயரின் ஃபில்டர் துகளைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு அதில் நிற்காது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புகை ஆளோடு வெளியே வரும்.

பொதுக்குழு பிடிவாதமாக அறை கேட்டால், செலவைச் சொல்லிவிடுங்கள். சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்காமல் மேல்தளம்வரை போகவேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கதவு தானாக மூடவேண்டும். காற்று நேரே வெளியே போகத் தனிக் குழாய் வேண்டும். ஓர் ஆளுக்கு நொடிக்கு 30 லிட்டர் காற்று என்பது பழைய வடிவமைப்புக் கணக்கு. அறையின் காற்றழுத்தம் வெளியைவிடச் சுமார் 5 பாஸ்கல் குறைவாக இருக்கவேண்டும். கதவிடுக்கில் ஊதுபத்தியைக் காட்டுங்கள்: புகை உள்ளே இழுபடவேண்டும், எல்லா ஃபேனும் ஓடும்போதும். அந்த அறைக்குள் சிப்பந்தி யாரும் பரிமாறக்கூடாது. இத்தனையும் செய்தாலும் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பில்லை.

அந்தப் பணத்தில் பாதிகூட ஆகாது, வெளியே நிழலும் பெஞ்சும் போட. வாசல், ஜன்னல், ஏ.சி. காற்று உள்ளே போகும் வழி மூன்றிலிருந்தும் 7.5 மீட்டராவது தள்ளி அமையுங்கள். சாம்பல் கிண்ணங்களை உள்ளிருந்து எடுத்து அங்கே வையுங்கள். மேஜையில் கிண்ணம் இருந்தால் அறிவிப்புப் பலகையை யாரும் படிப்பதில்லை. இ-சிகரெட்டுக்கும் இதே விதி என்று இப்போதே எழுதிவிடுங்கள். மழைக்கென்று அந்தக் கூரையைச் சுற்றிப் படுதா கட்டிவிடாதீர்கள். இங்கிலாந்துச் சட்டப்படி, கூரையிருந்து சுவர்ப்பரப்பில் பாதிக்குமேல் அடைபட்டிருந்தால் அதுவும் உள்ளரங்கம்தான்.